பழைய டில்லர் கிளம்பவில்லை: நாமே பார்ப்பதா, பட்டறையா, வேறு இன்ஜினா?

வழக்கமாக மேட்டூர் அணை திறக்கும் ஜூன் 12 நெருங்கினால் எங்கள் ஊர் டீக்கடையில் அணையில் எத்தனை அடி தண்ணீர் என்பதுதான் பேச்சு. குறுவைக்கு நாற்றங்கால் தயாராகும் அந்த நேரத்தில்தான் கொட்டகையைத் திறந்து, தார்ப்பாயை உருவி, பவர் டில்லருக்கு ஹேண்டில் போட்டுச் சுற்றுவோம். தாளடி நடவுக்குச் சேறு அடித்ததோடு நிறுத்திய வண்டி, ஏழெட்டு மாதம் அசையாமல் நின்றிருக்கிறது. தோள்பட்டை கழன்றுவிடும் போலச் சுற்றியும் கிளம்பவில்லை என்றால் வீட்டுக்குள் மூன்று யோசனை எழும். நாமே பார்க்கலாம், பட்டறைக்கு ஏற்றலாம், இல்லையென்றால் இன்ஜினையே மாற்றிவிடலாம். மூன்றும் செய்து பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

நான் சொல்வது 12, 13 குதிரைத்திறன் உள்ள, தண்ணீரில் குளிரும் ஒற்றை சிலிண்டர் டீசல் இன்ஜின். சக்தி, காம்கோ என எந்தப் பெயர் வண்டியானாலும் அடிப்படை ஒன்றுதான். டீசல் இன்ஜினுக்குத் தீப்பொறி கிடையாது. காற்றை நன்றாக அழுத்தினால் வரும் சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்ள வேண்டும். ஆகவே டீசல் வர வேண்டும், கம்ப்ரஷன் இருக்க வேண்டும், சுற்றும் வேகம் போதுமானதாக இருக்க வேண்டும். வேறு ரகசியம் இல்லை.

எந்த வழி என்று முடிவெடுக்கும் முன் ஒன்றை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள்: கடைசியாக நிறுத்திய அன்று வண்டி எப்படி ஓடியது? ரெண்டு சுற்றில் கிளம்பி, முழு இழுப்போடு உழுதுவிட்டு வந்து நின்ற வண்டி என்றால், நின்ற இடத்தில் பிஸ்டன் ரிங் தேயாது. கோளாறு நின்றதால் வந்தது. பெரும்பாலும் வீட்டிலேயே தீரும். போன பருவத்திலேயே பத்து பதினைந்து சுற்று கேட்டது, நீலப் புகை கக்கியது, ஆயில் குடித்தது என்றால் அது தேய்மானம். அதை வீட்டில் வைத்து மல்லுக்கட்டுவது வீண். இந்தக் கேள்வியைக் கேட்காமல் செலவு செய்தவர்களில் நானும் ஒருவன். ஒரு வருடம் பக்கத்து டவுனில் ஒரு பட்டறையில் ஹெட்டைக் கழற்றிக் கேஸ்கெட் மாற்றினார்கள், அப்புறமும் கிளம்பவில்லை. கடைசியில் பார்த்தால் ஃபில்டர் கிண்ணத்தில் தண்ணீர்.

சரி, வீட்டில் பார்ப்பதை எடுத்துக்கொள்வோம். பத்துச் சுற்று சுற்றிவிட்டு சைலன்சரைப் பாருங்கள். புகையே வரவில்லை என்றால் டீசல் உள்ளே போகவில்லை. முதலில் நிறுத்தும் லீவர் இறுகி 'நிறுத்து' பக்கமே நிற்கிறதா என்று பாருங்கள். சேறு காய்ந்து அப்படி ஆவது உண்டு. அடுத்து டேங்கின் அடியிலிருந்து கொஞ்சம் டீசலைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து அரை மணி நேரம் வையுங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் தனியாகத் தெரியும். பாதி டேங்கோடு மழைக்காலம் முழுக்க நின்ற வண்டியில் இது சகஜம். டேங்கைக் கழுவி, ஃபில்டரை மாற்றி, புது டீசல் ஊற்றுங்கள்.

அதற்குப் பிறகு ஏர் எடுக்க வேண்டும், அதாவது டீசல் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டும். ஃபில்டர் மேலுள்ள திருகைத் தளர்த்தி, குமிழி இல்லாமல் டீசல் வழியும் வரை விட்டு இறுக்குங்கள். பிறகு டீசல் பம்புக்கு வரும் குழாயில் அதே வேலை. கடைசியாக, டீசலை இன்ஜினுக்குள் தூவும் நாசில் பக்கத்து நட்டைத் தளர்த்தி, சுற்றுவது லேசாக இருக்க கம்ப்ரஷனை விடுவிக்கும் லீவரைத் தூக்கியபடி இன்னொருவரைச் சுற்றச் சொல்லுங்கள். டீசல் துளித்துளியாகத் துள்ளி வந்ததும் இறுக்கிவிட்டு மறுபடி சுற்றினால், நாசில் 'கிர்ர்... கிர்ர்' என்று கத்த வேண்டும். அந்தச் சத்தம் கேட்டால் பாதி வேலை முடிந்தது. நாசிலைக் கழற்றி வெளியே பீய்ச்சவிட்டுப் பார்ப்பவர்கள் கையைக் குறுக்கே கொண்டுபோகவே கூடாது. சதுர சென்டிமீட்டருக்கு 200 கிலோ அளவுக்கு அழுத்தத்தில் வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். அப்படி ஆனால் வலி இல்லாவிட்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

வெள்ளைப் புகை வருகிறது, ஆனால் பற்றவில்லை என்றால் டீசல் போகிறது, எரியவில்லை. ஜூன் மாதத் தஞ்சாவூர் வெயிலில் குளிரைக் காரணம் சொல்ல முடியாது. கம்ப்ரஷன் குறைவு, அல்லது நாசில் தூவாமல் ஒழுகுகிறது. கம்ப்ரஷன் லீவரைத் தூக்காமல் விட்டுவிட்டு மெதுவாகச் சுற்றினால் ஒரு இடத்தில் கையை எதிர்த்துத் தள்ள வேண்டும். தள்ளாமல் வழுவழுவென்று சுற்றினால், காற்று போகும் வழியில் ரெண்டு ஸ்பூன் இன்ஜின் ஆயில் மட்டும் விட்டு மறுபடி சுற்றுங்கள். அதற்கு மேல் ஊற்றினால் பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் நடுவே ஆயில் மாட்டி கனெக்டிங் ராடு வளையக்கூடும். இப்போது கை கனத்தால் ரிங், லைனர் (பிஸ்டன் ஓடும் உட்குழாய்) பக்கம் குறை. மாற்றமே இல்லையென்றால் வால்வு அல்லது கேஸ்கெட். நீண்ட நாள் நின்ற வண்டியில் வால்வு துருவேறித் திறந்தபடியே சிக்கிக்கொள்வது அதிகம். ஏர் கிளீனரையும் திறந்து பாருங்கள், எலி வைக்கோலை அடைத்திருக்கும்.

ஒன்றைச் செய்யவே வேண்டாம். ஏர் கிளீனரில் பெட்ரோல் துணி வைப்பதும் ஈதர் ஸ்ப்ரே அடிப்பதும் சீக்கிரம் கிளப்பும், ஆனால் முன்கூட்டியே வெடித்து ரிங்கை உடைக்கும், ஹேண்டிலைத் திருப்பி அடிக்கும். திருப்பி அடித்த ஹேண்டிலால் மணிக்கட்டு முறிந்தவர்கள் நம் ஊர்களில் இருக்கிறார்கள். கட்டை விரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வைத்துப் பிடித்தே சுற்றுங்கள்.

பட்டறையின் பலம் இரண்டு இடத்தில்தான். நாசிலையும் பம்பையும் டெஸ்டரில் வைத்து அழுத்தம் பார்ப்பது ஒன்று. அதை வீட்டில் செய்ய முடியாது, கண்ணால் பார்த்து நாசிலைப் பழி சொல்லவும் கூடாது. வண்டியை முழுதாக ஏற்றிப் போகாமல் நாசிலை மட்டும் கழற்றித் துணியில் சுற்றி எடுத்துப் போனாலே போதும், ஏற்றுக்கூலி மிச்சம். இன்னொன்று லைனர், பிஸ்டன், ரிங் செட் மாற்றுவது. இந்த வகை இன்ஜினில் லைனரைத் தனியாகக் கழற்றிப் புதிது போட முடியும், பிளாக் வீணாகாது. ஆனால் குறுவைக்கு முன் எல்லா வண்டியும் ஒரே நேரத்தில் போய் நிற்கும் என்பதால் நாள் கணக்கில் காத்திருக்க நேரும். மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணைக்கு வர மூன்று நான்கு நாள், அங்கிருந்து நம் வாய்க்காலுக்கு வரும் நாளையும் சேர்த்து எண்ணிக்கொண்டு வண்டியைப் பட்டறையில் விடுங்கள். கடைமடைக்காரர்களுக்கு இன்னும் கொஞ்சம் அவகாசம் உண்டு.

இன்ஜின் மாற்றுவதை நான் கடைசியில்தான் வைப்பேன். கிராங்க் உடைந்தாலோ பிளாக் வெடித்தாலோ மட்டுமே அது நியாயம். விலை குறைந்த வேறு இன்ஜினைப் பொருத்தும்போது போல்ட் ஓட்டை, புல்லி அளவு, சுற்று வேகம் மூன்றும் பழையதோடு ஒத்துப்போக வேண்டும். புல்லி மாறினால் கியர் பெட்டிக்குப் போகும் வேகம் மாறும், பெல்ட் கோணலாக ஓடித் தேயும். ஒத்துப்போகாத இன்ஜினை நான் பொருத்தி ஒரு பருவம் முழுக்க பெல்ட் வாங்கிக்கொண்டே இருந்தேன்.

தண்ணீர் வாசலில் வந்துவிட்டது, கோளாறோ பெரியது என்றால், இந்தப் பருவத்துக்கு வாடகை வண்டி எடுத்துவிடுங்கள். வேளாண் பொறியியல் துறை மணிக்கணக்கில் வாடகைக்குக் கொடுக்கிறது, உழவன் செயலியிலேயே பதியலாம். நம் வண்டியை நடவு முடிந்தபின் நிதானமாகப் பிரிக்கலாம். அதுவரை நிறுத்தி வைக்கும்போது டேங்கை டீசலால் முழுதாக நிரப்பி, இன்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீரை வடித்துவிட்டு, ஹேண்டில் கையை எதிர்த்துத் தள்ளும் அந்த இடத்தில் கொண்டுவந்து விடுங்கள். அந்த நிலையில் ரெண்டு வால்வும் மூடியிருக்கும், உள்ளே ஈரம் ஏறாது.