மருமகனுக்கு ஒரு ஓட்டோமற்றிக்: சுயோசாவா, சீக்கோ 5-ஆ?

ரொறன்ரோவில் இருக்கும் அண்ணா நல்லூர்த் திருவிழாவுக்கு வருகிறார். தங்கச்சியின் மகனுக்கு வங்கியில் வேலை கிடைத்திருக்கிறது. அவனுக்கு ஒரு கைமணிக்கூடு வாங்கி வரவேண்டும், எது நல்லது என்று என்னைக் கேட்டார். பற்றரி இல்லாமல் கை அசைவிலேயே சாவி ஏறி ஓடும் ஓட்டோமற்றிக்காக இருக்கவேண்டும். வங்கிக்கும் கலியாண வீட்டுக்கும் கட்டக்கூடியதாக இருக்கவேண்டும். அதோடு, சாவகச்சேரியிலிருந்து தினமும் மோட்டார் சைக்கிளில் யாழ்ப்பாணம் வந்துபோகிறவன் கையில் தாக்குப்பிடிக்கவும் வேண்டும்.

பற்றரி வேண்டாம் என்று அண்ணா சொன்னதன் காரணம் எனக்குத் தெரியும். 1990களில், பொருளாதாரத் தடை இருந்த காலத்தில், பற்றரி யாழ்ப்பாணத்துக்குள் வராது. ரேடியோ கேட்கச் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுற்றினோம். வீட்டில் இருந்த பற்றரி மணிக்கூடுகள் ஒவ்வொன்றாக நின்றுபோயின. அப்பா சவூதியில் வேலை செய்தபோது வாங்கிய சீக்கோ 5 மட்டும் அவருடைய கை அசைய அசைய ஓடிக்கொண்டே இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் நேரம் கேட்டு வேலியடிக்கு வருவார்கள். அந்த மணிக்கூடு இன்றும் என்னிடம் இருக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருவோம். ஓரியன்ற் பம்பினோவை முதலிலேயே விலக்கிவிட்டேன். குமிழ்ந்த கண்ணாடியும் மெல்லிய முட்களுமாக அவ்வளவு அழகு. ஆனால் அது தோல் வாரில் வருவது, தண்ணீர் தாங்கும் அளவு 30 மீற்றர். சித்திரை வெயிலில் தோல் வார் வியர்வையைக் குடித்து ஒரு பருவத்துக்குள் நாறத் தொடங்கிவிடும். ரிஸோ பிஆர்எக்ஸ் பவர்மற்றிக் 80 உண்மையில் நல்ல பொருள். 1978-இல் வந்த வடிவத்தை 2021-இல் திருப்பிக் கொண்டுவந்தார்கள். 100 மீற்றர் தாங்கும். வெள்ளி பின்னேரம் 6 மணிக்குக் கழற்றி வைத்தால் 80 மணித்தியாலச் சேமிப்பில் திங்கள் காலையிலும் ஓடிக்கொண்டிருக்கும். ஆனால் விலை அண்ணா சொன்ன எல்லையைத் தாண்டுகிறது. முதல் வேலைக்குப் போகும் பிள்ளை கையில் கட்டிக்கொண்டு பயப்படவேண்டிய விலை அது.

மிஞ்சியவை இரண்டு: சிற்றிசன் சுயோசா, சீக்கோ 5 ஸ்போர்ட்ஸின் எஸ்ஆர்பிஇ வரிசை. இரண்டும் 40 மில்லிமீற்றர். தடிப்பு சுயோசா 11.7, சீக்கோ 11.5. "மாமா, சேர்ட் கைக்குள்ள போகுமோ?" என்று மருமகன் கேட்டான். பொத்தான் போட்ட கைக்குள் இரண்டுமே போகும், கொஞ்சம் தள்ளிவிடவேண்டும். இரண்டிலும் சாவித்திருகு 4 மணிப் பக்கத்தில் இருக்கிறது. மோட்டார் சைக்கிள் கைபிடியில் மணிக்கட்டு மடியும்போது திருகு தோலில் குத்தாது. பின்மூடி இரண்டிலும் கண்ணாடிதான், உள்ளே ஓடுவதைப் பார்க்கலாம்.

தோற்றத்தில் சுயோசா முந்துகிறது. உடலும் சங்கிலியும் ஒரே வார்ப்புப்போல வழிந்து இறங்கும் அமைப்பு. 2022-இல் வந்தபோது இந்த விலைக்கு இப்படி ஒன்றா என்று பலர் வியந்தது இதற்காகத்தான். ஜப்பான் மொழியில் சுயோசா என்றால் வலிமை. மருமகன் மஞ்சள் முகம் உள்ளதைப் பார்த்துவிட்டு, "இது நல்ல வடிவாக் கிடக்கு மாமா" என்றான். வடிவுதான், மறுக்கமாட்டேன். அதன் கண்ணாடி சஃபயர், கீறல் லேசில் விழாது. சீக்கோவுக்குப் போட்டிருப்பது ஹார்ட்லெக்ஸ் என்ற அவர்களுடைய கடினக் கண்ணாடி. அடிபட்டால் சட்டென்று உடையாது, ஆனால் கீறல் விழும். வீதியோரச் சுவரில் ஒருமுறை உரசினாலே போதும். சோளகக் காற்றில் மண் பறக்கும் ஊர் இது. இந்த ஒரு இடத்தில் சீக்கோ தோற்கிறது, அதைப் பூசி மெழுகத் தேவையில்லை.

எஸ்ஆர்பிஇ-யின் வடிவம் பழைய எஸ்கேஎக்ஸ் சுழியோடி மணிக்கூட்டிலிருந்து வந்தது. சுழலும் வளையத்தை எடுத்துவிட்டு மினுக்கமான வெறும் வளையம் போட்டிருக்கிறார்கள். அதனால் விளையாட்டு மணிக்கூட்டின் தோள் அகலம் அப்படியே இருக்க, முகம் மட்டும் அடக்கமாகிவிட்டது. கறுப்பு முகம் உள்ள எஸ்ஆர்பிஇ 55 வேட்டி சால்வைக்கும் பொருந்தும், வங்கிக் கழுத்துப்பட்டிக்கும் பொருந்தும். சுயோசாவில் திகதி மட்டும் தெரியும். சீக்கோவில் கிழமையும் தெரியும். மின்சாரம் போன இரவில் சீக்கோவின் முட்கள் நல்ல வெளிச்சமாக ஒளிரும்.

இயந்திரத்தில் வித்தியாசம் சிறிது. சுயோசாவின் 8210, சீக்கோவின் 4ஆர்36 இரண்டும் மணிக்கு 21,600 துடிப்பு. சேமிப்பு 40, 41 மணித்தியாலம். வெள்ளி பின்னேரம் கழற்றினால் ஞாயிறு மத்தியானத்துக்குள் இரண்டும் நின்றிருக்கும், திருகைச் சுற்றி எழுப்பலாம். நாளுக்கு 20 வினாடி பிந்தலாம், 40 வினாடி முந்தலாம் என்று சிற்றிசன் சொல்கிறது. சீக்கோ சொல்வது 35 பிந்தலும் 45 முந்தலும். கையில் கட்டும்போது பெரும்பாலும் இதைவிட நன்றாகவே ஓடும். நல்லூரில் பூசை நேரம் தவறாது. வாரம் ஒருமுறை அந்த மணியோசைக்குத் திருத்திக்கொண்டால் எந்த ஓட்டோமற்றிக்குக்கும் போதும்.

ஒன்றை மட்டும் சொல்லவேண்டும். 8210-இன் சுழலும் எடை ஒரு பக்கம் சுற்றும்போதுதான் சாவி ஏறும், மறுபக்கம் சும்மா சுழலும். அமைதியான அறையில் கையை உதறினால் 'சர்ர்' என்ற சத்தம் கேட்கும், கையிலும் ஒரு நடுக்கம் தெரியும். சீக்கோ இரு பக்கமும் ஏற்றும். 1959-இல் அவர்கள் கண்டுபிடித்த மஜிக் லிவர் என்ற நெம்புகோல்தான் அந்த வேலையைச் செய்கிறது. அப்பாவின் மணிக்கூட்டுக்குள்ளும் அதுதான்.

எனக்கு முடிவைத் தந்தது தண்ணீரும் வாரும். சுயோசா 50 மீற்றர், சீக்கோ 100. இரண்டிலும் சாவித்திருகு உடலோடு திருகி இறுக்கும் வகை இல்லை. கைகழுவ, மழையில் நனைய 50 போதும் என்பார்கள், புதிதாக இருக்கும்போது சரிதான். ஆனால் மருமகன் கீரிமலைக் கேணியில் குதிப்பான், கசூரினாக் கடலில் இறங்குவான். கழற்றி வை என்றால் கேட்கமாட்டான். உள்ளே இருக்கும் றப்பர் வளையமும் காலம் போகப் போக இறுகிவிடும். ஒருமுறை இங்கே ஒரு கடையில் என் மணிக்கூட்டின் பின்மூடியைத் திறந்தவர்கள் அந்த வளையத்தைச் சரியாக இருத்தாமல் மூடிவிட்டார்கள். மாரி மழையில் கண்ணாடிக்குள் ஆவி படிந்தது, முகத்தில் துரு ஏறிவிட்டது. அதிலிருந்து தண்ணீர் விஷயத்தில் நான் கையிருப்புக் கூடியதையே பார்ப்பேன்.

வாரும் அப்படித்தான். சீக்கோவில் 20 மில்லிமீற்றர் வார் எதையும் மாட்டலாம்: கடலுக்கு றப்பர், கோயிலுக்கு நைலோன், கலியாணத்துக்கு அதனுடன் வந்த சங்கிலி. சுயோசாவில் சங்கிலி உடலோடு பொருந்தி வருவதால் கடையில் கிடைக்கும் நேர்வெட்டு வார் சரியாக உட்காராது, இடைவெளி தெரியும். அதற்கென்றே வெட்டிய வார் தேடவேண்டும். யாழ்ப்பாணத்தில் அப்படி ஒன்றுக்கு நான் அலைந்து பார்த்திருக்கிறேன், கிடைக்கவில்லை.

குளிரூட்டிய அறை, கார், மாதம் இரண்டு கலியாணம் என்று வாழ்கிறவருக்கு நான் சுயோசாவைத்தான் சொல்லுவேன், யோசிக்கவே மாட்டேன். மருமகனின் நாள் அப்படி இல்லை.

அண்ணாவுக்கு நேற்று இரவு செய்தி அனுப்பினேன். எஸ்ஆர்பிஇ 55, கறுப்பு முகம். கடையிலேயே ஓடவிட்டுப் பார்த்து, 12 மணிக் குறியும் வெளிவளையமும் நேராக நிற்கிறதா என்று கவனித்து எடுக்கச் சொன்னேன். கூடவே 20 மில்லிமீற்றரில் கறுப்பு றப்பர் வார் ஒன்றும்.