ஜி6பிடி டெஸ்ட்: பாலக்காட்டு லேபுக்கு ஐந்துக்கு நாலு ஸ்டார்

மங்களூரில் கட்டட வேலைக்குப் போன தம்பி வைவாக்ஸ் வகை மலேரியாவோடு கொழிஞ்சாம்பாறைக்குத் திரும்பினான். காய்ச்சல் குளோரோகுயினில் இறங்கிவிட்டது. ஆனால் இந்தக் கிருமி ஈரலில் பதுங்கிக் கிடந்து மாதக்கணக்கில் கழித்துக்கூடத் திரும்ப வரும், அதை ஒழிக்க 14 நாள் பிரைமாகுயின் வேண்டும், அதற்கு முன்னால் ஜி6பிடி (சிவப்பணுக்களைக் காக்கும் ஓர் என்சைம்) அளவு பார்த்தே ஆகணும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். முதலில் போன ஒரு லேபில் "அதெல்லாம் எதுக்குங்க, மாத்திரையைப் போட வேண்டியதுதானே" என்றார்கள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இந்த என்சைம் குறைவாக உள்ளவருக்கு அந்த மாத்திரை சிவப்பணுக்களை உடைத்துவிடும், சிறுநீர் கட்டங்காப்பி மாதிரி போகும், சிலருக்கு ரத்தம் ஏற்ற வேண்டிய நிலையே வந்துவிடும்.

ஸ்டேடியம் பஸ் ஸ்டாண்டு பக்கம் உள்ள இந்த லேபில் டெக்னீஷியன் அக்கா முதலில் கேட்டதே "சமீபத்துல ரத்தம் ஏத்தினாங்களா, மஞ்சள் காமாலை இருந்துச்சா" என்றுதான். அணுக்கள் உடைந்த கையோடு பார்த்தால், புதிதாக வரும் இளம் அணுக்களில் என்சைம் கூடுதலாக இருப்பதால் குறைபாடு உள்ளவருக்கும் நார்மல் என்று வந்துவிடுமாம். வடிதாளில் ரத்தக் கலவையைப் பொட்டு வைத்துக் காயவைத்து, புறஊதா விளக்கில் எங்களையே பார்க்கச் சொன்னார். ஒப்பிட வைத்திருந்த நார்மல் ரத்தத்தின் பொட்டு நீலமாக ஒளிர்ந்தது, தம்பியுடையது இருட்டாகவே கிடந்தது. அப்புறம் அளவு பார்க்கும் டெஸ்ட்டும் எடுத்தார்கள், குறைபாடு உறுதியானது.

அம்மா அழ ஆரம்பித்ததும் அக்கா உட்கார்ந்து பொறுமையாக விளக்கினார். தாய்வழி எக்ஸ் குரோமோசோமில் வரும் மாற்றம் இது, மலேரியா இருந்த பகுதிகளில் தலைமுறை தலைமுறையாகத் தங்கிப்போனது, ஃபால்சிபாரம் என்ற இன்னொரு வகை மலேரியா முற்றுவதிலிருந்து ஓரளவு காத்தும் இருக்கிறது, ஆனால் காய்ச்சலே வராமல் தடுக்காது. சிவப்பணுவை அரிவாள் போல வளைக்கும் அரிவாள் அணு மரபணு, ஒற்றையாக இருக்கும்போது, இதற்கும் இந்தக் காக்கும் குணம் உண்டு என்று 1954இல் ஆலிசன் என்ற ஆய்வாளர் ஆப்பிரிக்காவில் காட்டினார். அதற்கு முன்பே, 1952இல், நம் நீலகிரிப் பழங்குடியினரிடம் அந்த மரபணு இருப்பது தெரிந்துவிட்டது. பழங்குடியினர் வாழும் அட்டப்பாடியிலிருந்து அரிவாள் அணு டெஸ்ட்டுக்காகவே இங்கே வருகிறார்கள்.

ஒரு ஸ்டார் குறைத்தது ரிப்போர்ட்டுக்காக. இங்கிலீஷிலும் மலையாளத்திலும் மட்டும்தான் தருகிறார்கள். கிழக்குப் பக்கத்து ஊர்களில் நிறையப் பேர் தமிழ் படிப்பவர்கள், தவிர்க்க வேண்டிய மருந்துகளையாவது (டாப்சோன் போல) தமிழில் அச்சடித்துக் கொடுக்கலாம்.

டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்து, தினமும் போடுவதற்குப் பதிலாக வாரம் ஒருமுறை வீதம் 8 வாரத்துக்குப் பிரைமாகுயினை மாற்றி எழுதினார், நடுநடுவே ஹீமோகுளோபின் பார்ப்பதும் இதே லேபில்தான். வெறும் வயிற்றோடு போக வேண்டியதில்லை, சாப்பிட்டுவிட்டே போகலாம்.