பிரேக் பேட் தேய்ந்தால் டிஸ்க்கையும் மாற்றச் சொல்கிறார்களா? அளந்து காட்டச் சொல்லுங்கள்

சர்வீஸ் சென்டரில் காரை விட்டுவிட்டு ஆபீஸ் போய்விடுபவர்கள் அடுத்த சர்வீஸுக்கு முன் இதைப் படித்துவிடுங்கள். டிஸ்க் என்பது சக்கரத்தோடு சுழலும் இரும்புத் தட்டு, பேட் என்பது அதை இரண்டு பக்கமும் அழுத்திப் பிடிக்கும் உராய்வுக் கட்டை, அந்தப் பேட்டுகளை அழுத்துவது காலிப்பர்.

கோவையில் ஒரு குடும்பத்தின் ஹேட்ச்பேக், சுமார் 42,000 கி.மீ. ஓடியது. பிரேக் பிடித்தால் முன்பக்கம் கீச்சென்று சத்தம். சர்வீஸுக்கு விட்டார்கள். மதியம் போன் வந்தது: "சார், ஃப்ரண்ட் பேட் முடிஞ்சிருச்சு, டிஸ்க்கும் போயிருச்சு. ரெண்டையும் சேத்து மாத்திரலாம். பேட் மட்டும் போட்டா நாங்க கேரண்டி தர முடியாது சார்." பிரேக் என்றதும் பயம் வரத்தானே செய்யும்? சரி என்றார்கள். பேட் செட், இரண்டு டிஸ்க், பிரேக் ஆயில், காலிப்பர் சர்வீஸ், லேபர் என்று பில் நீண்டது. நல்லவேளை, பழைய பாகங்களைக் கேட்டு வாங்கி டிக்கியில் போட்டுக்கொண்டார்கள்.

அவற்றை அளந்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. டிஸ்க்கில் குறைந்தபட்சத் தடிமன் 20 மி.மீ. என்று பொறித்திருக்கிறது. புதிதில் 22. தடிமனைத் துல்லியமாக அளக்கும் மைக்ரோமீட்டரை வைத்து எட்டு இடங்களில் பார்த்தும் 21.2-க்குக் கீழே எங்கும் இறங்கவில்லை. வெடிப்பு இல்லை, ஆழமான கோடு இல்லை, சூட்டில் நீலம் பாரித்த திட்டு இல்லை. பெடல் துடிக்கிறது என்ற புகாரும் கிடையாது. நல்ல டிஸ்க்கைக் கழற்றிப் போட்டுவிட்டார்கள்.

பேட் விஷயத்தில் சொன்னது பாதி உண்மை. நான்கில் மூன்று பேட்டுகளில் 6 மி.மீ.க்கு மேல் மிச்சம் இருந்தது. இடது சக்கரத்தின் உள்பேட்டில் மட்டும் 2 மி.மீ.கூட இல்லை, சத்தம் போட்டது அதிலிருந்த எச்சரிக்கைத் தகடு. ஒரே காலிப்பரில் உள்பேட்டும் வெளிப்பேட்டும் இப்படி ஏறுக்குமாறாகத் தேய்ந்தால் முதலில், காலிப்பர் பக்கவாட்டில் வழுக்கி நகர உதவும் ஸ்லைடு பின்னைத்தான் சந்தேகப்பட வேண்டும். அதை மூடும் ரப்பர் உறை (பூட்) கிழிந்து தண்ணீர் புகுந்தால் கிரீஸ் காய்ந்து, அந்த ஸ்லைடு பின் துருப்பிடித்து இறுகிவிடும். அப்புறம் காலிப்பர் பக்கவாட்டில் நகராது, பெடலை விட்ட பிறகும் பேட் டிஸ்க்கை உரசிக்கொண்டே இருக்கும். 'காலிப்பர் சர்வீஸ்' என்று காசு வாங்கியவர்கள் அந்தப் பின்னைத் தொடவே இல்லை. அடுத்த 8,000 கி.மீ.க்குள் புதுப் பேட்டும் அதே இடத்தில் தேய்ந்து அதே சத்தம். இந்த முறை வெளியே ஒரு ஒர்க்‌ஷாப்பில் சக்கரத்தைக் கழற்றினால், அந்த ஸ்லைடு பின் கையால் அசைத்தும் அசையவில்லை. போன காசைவிட இதுதான் வயிற்றைக் கலக்குகிறது. உண்மையான கோளாறை அப்படியே உள்ளே வைத்து, பிரேக் புதுசு என்று சொல்லிக் குடும்பத்தை ஏற்றி அனுப்பியிருக்கிறார்கள்.

பிரேக் ஆயில் டாப்-அப்பும் வேண்டாத வேலை. பேட் தேயத் தேய, அதைத் தள்ளும் காலிப்பர் பிஸ்டன் வெளியே வரும், அந்த அளவுக்கு ஆயில் டப்பாவில் மட்டம் இறங்கும். புதுப் பேட் போடப் பிஸ்டனை உள்ளே தள்ளினால் மட்டம் தானாக ஏறிவிடும். அதற்கு முன்பே ஊற்றி வைத்திருந்தால் வழிந்து பெயின்ட்டை அரித்துவிடும். புதுப் பேட் போட்ட பிறகும் மட்டம் குறைவாக இருந்தால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம்.

சரி, எப்போது மாற்ற வேண்டும்? புதுப் பேட்டில் உராய்வுப் பொருள் சுமார் 10 முதல் 12 மி.மீ. இருக்கும். 3 மி.மீ.க்கு வந்தால் மாற்றிவிடுங்கள். இரும்புப் பின்தகட்டைச் சேர்த்து அளக்கக் கூடாது. வீல் இடுக்கு வழியாகப் பார்த்தால் வெளிப்பேட்தான் தெரியும், ஆகவே சக்கரத்தைக் கழற்றாமல் சொல்லும் எந்தக் கணக்கையும் ஏற்காதீர்கள்.

டிஸ்க்கின் ஓரத்தில் தேயாத விளிம்பு ஒன்று நிற்கும். சாதாரண வெர்னியர் அளவுகோலின் தாடை அதன்மேல் உட்கார்ந்தால் தேய்ந்த டிஸ்க்கும் தடிமனாகத் தெரியும். விளிம்பிலிருந்து 10 மி.மீ. உள்ளே, மைக்ரோமீட்டரால் அளக்க வேண்டும். பொறித்த அளவுக்குக் கீழே போயிருந்தாலோ, வெடிப்பு இருந்தாலோ, பேட் முழுதாகத் தேய்ந்து இரும்பு இரும்பை அறுத்திருந்தாலோ பேச்சே இல்லை, இரண்டு பக்கமும் மாற்றுங்கள். 20.2 மாதிரி எல்லையில் நிற்கும் டிஸ்க்கையும் புதுப் பேட்டோடு சேர்த்து மாற்றுவது நியாயம்தான். அடுத்த பேட் முடிவதற்குள் அது கீழே போய்விடும். மழை நின்ற மறுநாள் காலையில் தெரியும் துருவை போட்டோ எடுத்துக் காட்டினால் நம்பாதீர்கள். நாலு தடவை பிரேக் பிடித்தால் போய்விடும்.

"டிஸ்க் பெண்ட் ஆயிருச்சு" என்பது இன்னொரு வசனம். பெடல் துடித்தால், டிஸ்க் சுழலும்போது எவ்வளவு ஆடுகிறது என்று காட்டும் டயல் கேஜ் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலான கார்களில் 0.05 முதல் 0.1 மி.மீ. வரை ஆட்டத்துக்கு அனுமதி உண்டு. அதைத் தாண்டினாலும் உடனே டிஸ்க்கைக் குறை சொல்ல முடியாது. டிஸ்க் பொருந்தி உட்காரும் ஹப் முகத்தில் துரு இருந்தால் அதுவே டிஸ்க்கைச் சாய்த்து உட்கார வைக்கும். வயர் பிரஷ் போட்டுச் சுத்தம் செய்து மறுபடி அளக்க வேண்டும். தடிமன் போதுமான அளவு இருந்தால் லேத்தில் லேசாகக் கடைந்தும் ஓட்டலாம்.

வண்டியை விடும்போதே, செய்ய வேண்டிய வேலைகளைக் குறிக்கும் ஜாப் கார்டில் எழுத வையுங்கள்: கேட்காமல் எதையும் மாற்றக் கூடாது, நான்கு முன் பேட்டுகளின் அளவும் டிஸ்க் தடிமனும் மி.மீ.யில் வேண்டும், பழைய பாகங்கள் திரும்ப வேண்டும். ஸ்லைடு பின் கையால் வழுக்கி நகர்வதை வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அதற்குப் போடுவது சிலிக்கான் கிரீஸாக இருக்கட்டும், சாதாரண கிரீஸ் பட்டால் ரப்பர் உப்பிவிடும். வண்டியை வாங்கியதும் நகர்த்தும் முன் பெடலை நாலைந்து முறை மிதித்து, கெட்டியாக நிற்கிறதா என்று பாருங்கள். முதல் 200 கி.மீ. வரை அவசியம் இல்லாமல் சடன் பிரேக் போடாதீர்கள்.

ஏற்கெனவே ஏமாந்திருந்தால் ஜிஎஸ்டி பில், ஜாப் கார்டு, பழைய டிஸ்க் மூன்றையும் பத்திரமாக வையுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகாரைப் பதிவு செய்யலாம், தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். அதுவரை அந்த டிஸ்க்கைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள்.