பரங்கிமலை தெரிகிறது, எதிர் வீடு தெரியவில்லை: சிக்னல் கணிப்பு மென்பொருள் பற்றி

மொட்டை மாடியில் ஏரியல் வைத்தால் தூர்தர்ஷன் சிக்னல் வருமா, வந்தால் எவ்வளவு வரும் என்று கணித்துச் சொல்லும் இலவச மென்பொருள் ஒன்றைப் பல வருடங்களாகப் பயன்படுத்துகிறேன். பெயர் வேண்டாம், இந்தப் பக்கம் ஆர்வம் உள்ளவர்கள் ஊகித்துக்கொள்வார்கள். பம்மலில் இருக்கும் நண்பர் ஒருவர், "சார், அதை இறக்கி எங்க வீட்டுக்குப் பார்த்துட்டு அப்புறம் ஏரியல் வாங்கட்டுமா?" என்று கேட்டார். இரண்டு வரியில் பதில் சொல்ல முடியவில்லை, அதனால் இந்தப் பதிவு.

அடிப்படை விஷயம் பலருக்கும் தெரிந்ததுதான். 2016இல் சென்னை உட்பட 16 நகரங்களில் தூர்தர்ஷன் டிவிபி-டி2 என்ற தொழில்நுட்ப முறையில் டிஜிட்டல் தரைவழி ஒளிபரப்பைத் தொடங்கியது. மாதச் சந்தா கிடையாது, டிஷ்ஷும் வேண்டாம். ஆனால் பழைய அனலாக்கில் புள்ளியும் நிழலுமாகப் படம் ஓடினால் அதையும் பார்த்துச் சமாளித்தோமே, அந்த வசதி இதில் இல்லை. சிக்னல் ஓர் அளவுக்கு மேல் இருந்தால் படம் பளிச்சென்று வரும். அதற்கு ஓரிரு டெசிபல் (சிக்னல் வலிமையைச் சொல்லும் அலகு) குறைந்தாலே கட்டம் கட்டமாக உடையும், இன்னும் கொஞ்சம் குறைந்தால் கறுப்புத் திரைதான். நடுவில் எதுவும் இல்லாததால் முன்கூட்டிக் கணிப்பது அவசியமாகிறது.

முதலில் இதன் அருமையைச் சொல்லிவிடுகிறேன். முன்பு பல்லாவரத்துக்கும் பம்மலுக்கும் நடுவில் வாடகைக்கு இருந்தோம். சுவாமி சிவானந்தா சாலையில் இருக்கும் தூர்தர்ஷன் கோபுரத்துக்கும் அந்த வீட்டுக்கும் நேர்கோட்டில் ஏறக்குறைய 19 கிலோமீட்டர். அக்கம்பக்கத்தில் யாரைக் கேட்டாலும் "இங்க வராது" என்பார்கள், ஏன் என்று யாருக்கும் தெரியாது. மென்பொருளில் இரண்டு புள்ளிகளையும் குறித்து, இடையிலுள்ள நிலத்தின் குறுக்குவெட்டைப் போட்டுப் பார்த்தேன். கோட்டின் நடுவே பரங்கிமலை எழுந்து நின்றது. 300 அடி மலைதான், நாம் வண்டியில் சுற்றிக்கொண்டு போய்விடுகிறோம். அலை அப்படிப் போகாது. அதன் உச்சியில் மோதி, வளைந்து, பெரும்பகுதியை இழந்து இந்தப் பக்கம் இறங்குகிறது. மலையின் நிழல் எந்தத் தெரு வரை விழுகிறது, எங்கே விலகுகிறது என்று வண்ணத்தில் காட்டியது. வரைபடத்தில் நிழல் விலகிய பக்கத்தில் இருந்த உறவினர் வீட்டு மாடிக்கு அதே ஏரியலைத் தூக்கிக்கொண்டு போனோம், படம் வந்தது. அந்த மாலையில் எனக்கு இருந்த சந்தோஷத்தை இன்றும் மறக்க முடியவில்லை. இந்த மென்பொருளின் உள்ளே இருக்கும், லாங்லி–ரைஸ் என்று 1960களில் அமெரிக்காவில் உருவான கணக்குமுறை, நம் ஊர்க் குன்றின் நிழலைத் தெருக்கணக்கில் சொல்கிறது என்றால் அது பெரிய விஷயம்.

அப்புறம் மடிப்பாக்கத்துக்கு வந்தோம். கோபுரத்திலிருந்து 15 கிலோமீட்டருக்குள், வழியில் மலை எதுவும் இல்லை. கிண்டி தேசியப் பூங்கா, வேளச்சேரி என்று எல்லாம் சமதரை. மென்பொருள் எங்கள் தெரு முழுவதையும் அடர்பச்சையாக, அதாவது சிக்னல் நன்றாக வரும் இடமாகக் காட்டியது. அந்தப் பச்சையை நம்பி நல்ல யாகி ஏரியலும் (ஒரு தண்டில் குச்சிகள் வரிசையாக இருக்குமே, அது) கேபிளும் வாங்கி பால்கனியில் மாட்டினால், கறுப்புத் திரை. காரணம் கண்ணெதிரே இருந்தது: வடகிழக்கில், சாலைக்கு அந்தப் பக்கம், ஸ்டில்ட் பார்க்கிங்கும் அதன் மேல் ஐந்து மாடியும் கொண்ட அடுக்குமாடி. கோபுரத்திலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி நிற்கும் பரங்கிமலை இதற்குத் தெரிந்தது. எதிரில் நிற்கும் கட்டடம் தெரியவில்லை!

என் கோபமெல்லாம் இந்த ஒன்றில்தான். இதுபோன்ற இலவச மென்பொருட்கள் பெரும்பாலும் நம்பியிருக்கும் நில உயரத் தகவல், 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்கலம் ரேடார் மூலம் எடுத்தது. அதிலும் சுமார் 30 மீட்டருக்கு ஓர் உயரம்தான் இருக்கிறது. ரேடார் மரத்தின் தலையையும் வீட்டின் கூரையையும் தொட்டுத் திரும்பியதால் அன்றைய கட்டடங்கள் கொஞ்சம் மேடாகக் கலந்திருக்கும், அவ்வளவுதான். அன்று கத்திப்பாரா மேம்பாலமும் இல்லை, மெட்ரோவும் இல்லை. மடிப்பாக்கத்தில் தனி வீடுகளும் காலி மனைகளும் இருந்த காலம் அது. நாம் இன்றைய மாடியில் நின்றுகொண்டு அன்றைய சென்னையின் வானத்தைக் கேட்கிறோம். கணக்கு சரிதான், ஊர்தான் வேறு. இதை முகப்புத் திரையிலேயே பெரிய எழுத்தில் சொல்லியிருக்க வேண்டாமா? எங்கோ உதவிக்குறிப்பின் உள்ளே ஒரு வரியாக இருக்கிறது. ஏரியல் வாங்கக் காசு செலவழிப்பவருக்கு அந்த ஒரு வரிதான் முக்கியம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தப் பச்சை வண்ணம் பெரும்பாலும் "பாதி இடங்களில், பாதி நேரம்" என்ற சராசரிக் கணக்கு. ஒரு தெருவில் பத்து வீடு இருந்தால் ஐந்தில் இந்த அளவோ அதற்கு மேலோ கிடைக்கும் என்றுதான் அதற்கு அர்த்தம். நூற்றுக்கு 95 இடத்தில் கிடைக்க வேண்டுமென்றால் டிஜிட்டல் ஒளிபரப்புக்கு இன்னும் 9 டெசிபல் கூடுதலாக இருக்க வேண்டும். மென்பொருளின் அமைப்புகளில் (செட்டிங்ஸ்) போய் சதவீதத்தை நாமே ஏற்றிப் பார்த்தால் வரைபடம் அப்படியே சுருங்குகிறது. அந்தச் சுருங்கிய வரைபடம்தான் நேர்மையானது. ஏரியலின் உயரத்தையும் பாருங்கள். பல கணக்குகள் தரையிலிருந்து 10 மீட்டர் உயரத்தை வைத்துக்கொள்கின்றன. தரைத்தள ஹாலில் டிவிக்குப் பின்னால் ஏரியலை வைப்பவருக்கு அந்த எண் எதற்கும் உதவாது.

ஏரியலிலிருந்து டிவிக்கு வரும் கேபிளில் எவ்வளவு சிக்னல் குறையும் என்பதைக்கூட நாம்தான் எழுத வேண்டும். ஆர்ஜி-6 கேபிள் என்றால் 20 மீட்டருக்கு 3 டெசிபல் என்று வைத்துக்கொள்ளலாம், அதாவது பாதி சக்தி. பக்கத்து மாடியில் மொபைல் டவர் இருந்தால் சிக்னலைப் பெருக்கும் மலிவான பூஸ்டர் திணறும். அதெல்லாம் இந்தக் கணக்கில் வராது. கோடை இரவுகளில் கடல்மேல் காற்று அடுக்கடுக்காக நின்று, எங்கோ இருக்கும் சிக்னலை இழுத்து வரும் விநோதமும் நம் கடற்கரையில் உண்டு. முன்பு நாகப்பட்டினம், ராமேஸ்வரம் பக்கம் இலங்கையின் ரூபவாஹினியைப் பார்த்தவர்களுக்கு அது புரியும்.

சரி, நண்பருக்கு என்ன சொல்வது? மலையின் நிழலைப் பார்க்க இதைவிட நல்ல கருவி என் கைக்குக் கிடைத்ததில்லை. அலை எப்படிப் போகிறது என்பதை எனக்குக் கற்றுக்கொடுத்ததும் இதுதான். இருந்தாலும் இறக்காதீர்கள். ஏரியல் வாங்குவதற்காக மட்டும் என்றால் வேண்டவே வேண்டாம். பம்மலுக்கு நான் ஏற்கெனவே பார்த்துவிட்டேன், உங்கள் தெரு நிழலின் ஓரத்தில் இருக்கிறது. அந்த ஓரத்தில் பச்சை என்றாலும் சிவப்பு என்றாலும் நம்ப முடியாது. என் ஏரியலையும் சின்ன செட்டாப் பாக்ஸையும் கொண்டு வருகிறேன். மாடியில் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி, வடகிழக்கே திருப்பி, கால் மீட்டர் கால் மீட்டராக நகர்த்திப் பார்ப்போம். திரையில் சிக்னலின் தரம் காட்டும் பட்டை ஆடாமல் நிற்கும் இடம் கிடைத்தால் அங்கே சுவரில் குறி போட்டுவிட்டுக் கடைக்குப் போகலாம். கிடைக்காவிட்டால் பைசா செலவு இல்லை. வேப்பமரம் நனைந்திருக்கும் நாளாகப் பார்த்து வைத்துக்கொள்வோம், ஈரத்தில் வந்துவிட்டால் வெயிலில் கவலைப்பட வேண்டியதில்லை.