செதுக்கவா, வர்ணம் பூசவா?

அமெரிக்காவில் அக்டோபர் பிறந்தால் வாசல்படியில் பரங்கிக்காய் ஏறிவிடும். கையைக் கடிக்காமல் அலங்கரிக்க இரண்டு வழி. செதுக்கினால் உள்ளே விளக்கு வைத்து அழகு பார்க்கலாம். ஆனால் வெட்டிய காய் ஒரு வாரம் தாங்கினாலே பெரிது. விளிம்பு சுருங்கி, உள்ளே பூஞ்சை பூத்து, கண்ணும் வாயும் உள்வாங்கிவிடும். அதனால் ஹாலோவீன் என்ற பேய் வேடப் பண்டிகைக்கு, அதாவது அக்டோபர் 31-க்கு, இரண்டு நாள் முன்னால் செதுக்குவதே சரி. விதையை உப்புப் போட்டு வறுத்துக்கொள்ளலாம், அது லாபம்.

வெட்டாமல் அக்ரிலிக் வர்ணம் பூசினால் அதே காய் பெரும்பாலும் நவம்பர் கடைசியில் வரும் தேங்க்ஸ்கிவிங் என்ற நன்றித் திருநாள் வரை நிற்கும். தோலைத் துடைத்துக் காயவிட்டுப் பூசுங்கள். மழை படாமல் வையுங்கள். உறைபனி விழுந்தால் எதுவானாலும் கொழகொழதான். அணிலும் இரண்டையும் விடாது. காசு பார்த்தால் என் ஓட்டு வர்ணத்துக்கே. பிள்ளைகள் பேய் முகம் கேட்டு அடம்பிடித்தால், சின்னதாக ஒன்றை மட்டும் செதுக்கிக் கொடுங்கள்.