ஒலிப்பதிவு கற்க எங்கே போவது: குமரி மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு முன்னால் உள்ள நான்கு வழிகள்

நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் குறும்படம் எடுக்கும் பிள்ளைகள் தங்கள் படத்தைக் கைப்பேசியில் கொண்டுவந்து காட்டும்போது, பெரும்பாலும் ஒரே குறைதான் எனக்குத் தென்படுகிறது. காட்சி தெளிவாக இருக்கிறது. பேச்சோ கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கிறது. அதைச் சொன்னதும், "அப்போ இதை முறையாப் படிக்கணும்னா எங்கண்ணே போகணும்?" என்று கேட்கிறார்கள். 15 ஆண்டுகளாக ஆவணப்படங்களுக்கு ஒலிப்பதிவும் ஒலித்தொகுப்பும் செய்துவரும் நான், ஒவ்வொருவரிடமும் வாய்மொழியாகச் சொல்லிவந்த பதிலை இங்கே விரித்து எழுதுகிறேன்.

நம் மாவட்டத்துப் பிள்ளைக்கு நான்கு வழிகள் உள்ளன: அரசுத் திரைப்படக் கல்வி நிறுவனம், பெருநகரத்துத் தனியார் குறுகியகாலப் பயிற்சி, உள்ளூர் வீடியோ ஸ்டுடியோவில் உதவியாளர் வேலை, சொந்தமாக ஒரு ரெக்கார்டர் வாங்கிப் பழகுவது. இவற்றை எடைபோட நான் இரண்டு அளவுகோல்களையே வைத்திருக்கிறேன். வாரத்தில் எத்தனை மணி நேரம் மைக் உங்கள் கையில் இருக்கும் என்பது ஒன்று. நீங்கள் பதிவு செய்ததை வேறொரு காது கேட்டு, குறை இன்னதென்று சொல்லுமா என்பது மற்றொன்று. கட்டணமும் சான்றிதழும் இவற்றுக்குப் பின்னால் வரவேண்டியவை.

அரசு நிறுவனங்களில் முதலில் சொல்லவேண்டியது, சென்னை தரமணியில் உள்ள தமிழ்நாடு அரசு எம்.ஜி.ஆர். திரைப்படம் மற்றும் தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனம். அங்கே ப்ளஸ் டூவுக்குப் பிறகு நான்கு ஆண்டுப் பட்டப்படிப்பாக ஒலிப்பதிவு கற்பிக்கப்படுகிறது. புணேயில் 1960-இல் தொடங்கப்பட்ட இந்தியத் திரைப்பட, தொலைக்காட்சி நிறுவனத்திலும் கொல்கத்தாவில் 1995-இல் தொடங்கப்பட்ட சத்யஜித் ராய் நிறுவனத்திலும் ஒலிக்கென்றே மூன்று ஆண்டுப் படிப்பு உண்டு; இவை பட்டம் முடித்தவர்களுக்கானவை, நுழைவுத்தேர்வு எழுதித்தான் சேர முடியும். புணேயில் ஒலிப் பிரிவில் சேர ப்ளஸ் டூவில் இயற்பியல் படித்திருக்க வேண்டும் என்பதைப் பத்தாம் வகுப்பு முடிக்கும்போதே தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது, ஏனென்றால் ப்ளஸ் ஒன்னில் பாடப்பிரிவு தேர்ந்தெடுத்த பிறகு அதை மாற்றுவது எளிதல்ல. நமக்கு இவற்றைவிடப் பக்கத்தில், கோட்டயம் மாவட்டம் தெக்கும்தலையில் உள்ள கே.ஆர். நாராயணன் நிறுவனத்திலும் ஒலிப்பதிவுப் பிரிவு இருக்கிறது. 2009-இல் ஒலிக்கலவைக்கான ஆஸ்கர் விருதைப் பகிர்ந்துகொண்ட ரசூல் பூக்குட்டி கொல்லம் மாவட்டத்துக்காரர், புணே நிறுவனத்தில் படித்தவர். நம் எல்லைக்கு அப்பால் சில மணி நேரத் தொலைவில் பிறந்த ஒருவர் இந்த வழியாகத்தான் போனார் என்பதைப் பிள்ளைகளிடம் நான் தவறாமல் சொல்வதுண்டு.

இந்த நிறுவனங்கள் தருவனவற்றுள் வேறெங்கும் கிடைக்காத ஒன்று, ஒலி அளவு சரிசெய்யப்பட்ட மிக்ஸிங் அரங்கு, அதாவது பேச்சு, இசை, பிற சத்தங்களைக் கலந்து சேர்க்கும் இடம். திரையரங்குக்கான ஒலிக்கலவையில், முன்புறத்து ஒவ்வோர் ஒலிபெருக்கியும் கேட்பவர் இருக்கையில் 85 டெசிபல் தரும்படி அளந்து வைத்துக்கொண்டுதான் வேலை தொடங்குகிறது. அந்த அளவில் பழகிய காதுக்கு, பேச்சு எவ்வளவு உரக்க இருக்கலாம், அதன் அடியில் மழையை எவ்வளவு விடலாம் என்பது மீட்டரைப் பார்க்காமலே பிடிபடும். ஹெட்போனில் மட்டும் கலவை செய்தவர் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார். காதோடு ஒட்டியிருக்கும் ஹெட்போனில் மெல்லிய சத்தமும் துல்லியமாகக் கேட்பதால் அதைக் குறைத்துக் குறைத்து வைத்துவிடுகிறார். பெரிய அரங்கில் போட்டுப் பார்க்கும்போது அந்தச் சத்தம் காணாமல் போய்விடுகிறது. மூன்று, நான்கு ஆண்டுகள் கூடவே இருக்கும் இயக்கப் பிரிவு, படத்தொகுப்புப் பிரிவு மாணவர்கள் இன்னொரு பேறு. முதல் பத்து வாய்ப்புகள் அவர்களிடமிருந்துதான் வரும். எனது இரண்டாவது அளவுகோலில் இந்த வழிக்கு இணை கிடையாது. முதலாவதில் அப்படிச் சொல்ல முடியாது. கருவிகள் எல்லோருக்கும் பொது, முறை வரும்வரை காத்திருக்க வேண்டும், இடங்களோ மிகக் குறைவு.

தனியார் குறுகியகாலப் பயிற்சியைப் பற்றி நீளமாகச் சொல்ல எனக்கு மனமில்லை. தொடக்கக் காலத்தில் ஒரு பெருநகரத்தில் மூன்று மாதப் பயிற்சிக்கு வீட்டில் கடன் வாங்கிப் பணம் கட்டினேன். 18 பேருக்கு, ஒலிகளைக் கலக்கும் மிக்ஸர் ஒரே ஒன்றுதான் இருந்தது. ஆசிரியர் திரையில் பொத்தான்களைக் காட்டுவார், நாங்கள் குறிப்பெடுப்போம். ஒரு நாள்கூட, நுனியில் மைக் மாட்டிய பூம் கம்பைப் பிடித்து ஒரு நடிகரின் பின்னால் நடக்கவில்லை. எல்லா இடங்களும் அப்படி இருக்க வேண்டுமென்பதில்லை. பணம் கட்டுமுன் இரண்டு கேள்விகளை நேரில் கேட்டுவிடுங்கள்: ஸ்டுடியோவில் நான் தனியாக அமர்ந்து வேலை செய்ய வாரத்துக்கு எத்தனை மணி நேரம் தருவீர்கள்? வெளிப்புறப் படப்பிடிப்புக்கு அழைத்துப் போவீர்களா? இவற்றுக்கு மணிக்கணக்கில், நாள்கணக்கில் பதில் வராவிட்டால் திரும்பி வந்துவிடலாம். ஓராண்டாவது சொந்தமாகப் பதிவு செய்து, தனக்கு இன்னது தெரியவில்லை என்று தெரிந்த பிறகு போகிறவருக்கு மட்டுமே இந்த வழி பயன் தரும்.

உள்ளூர் ஸ்டுடியோவை நம் பிள்ளைகள் குறைவாக மதிப்பதில் எனக்கு வருத்தம் உண்டு. வடசேரியிலோ தக்கலையிலோ ஒரு கல்யாண வீடியோ ஸ்டுடியோவில் உதவியாளராகச் சேர்ந்தவருக்கு, முகூர்த்த மாதங்களில் வாரம் மூன்று நாளாவது வேலை இருக்கும். தேவாலயக் கல்யாணத்தில் மணமக்கள் வாக்குறுதி சொல்வது ஒரே ஒரு முறை. "இன்னொரு தரம் சொல்லுங்க" என்று கேட்க முடியாத அந்த அரை நிமிடம் கற்றுத்தரும் பொறுப்பை எந்த வகுப்பறையும் கற்றுத்தராது. குருவானவரின் அங்கியில் ஒரு காலர் மைக், மணமகன் சட்டையில் ஒன்று, தேவாலயத்து மிக்ஸரிலிருந்து நேரடியாக ஒரு லைன் என மூன்று தடங்களில் பதிவு செய்து, ஒன்று கெட்டாலும் மற்றொன்று காப்பாற்றும்படி வைக்கப் பழகுவீர்கள். மிக்ஸரிலிருந்து வரும், மைக்கினுடையதைவிடப் பலமான லைன் அளவுச் சத்தத்தை ரெக்கார்டரின் மைக் உள்ளீட்டில் செருகினால் அது நொறுங்கித்தான் பதிவாகும், அமைப்பை லைனுக்கு மாற்ற வேண்டும் என்பதும் அங்கேதான் புரியும். சத்தம் நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர்தான் செல்கிறது. பீடத்திலிருந்து 27 மீட்டர் தள்ளிக் கடைசி பெஞ்சருகே நிற்கும் கேமராவின் மைக்கில் பேச்சு இரண்டு ஃப்ரேம் பிந்தி வந்து உதட்டசைவோடு ஒட்டாமல் நிற்கும்போது, புத்தகத்தில் படித்த அந்த எண்ணின் பொருள் விளங்குகிறது.

குறையும் சொல்ல வேண்டும். கல்யாணப் படத்தின் இறுதி வடிவத்தில் பெரும்பகுதி பாட்டுதான் ஓடுகிறது. நீங்கள் கவனமாகப் பதிந்த மண்டபத்துச் சத்தம் அதன் அடியில் மறைந்துவிடுகிறது. ஆகவே பதிவில் கை தேறுமே தவிர, தொகுப்பில் தேறாது. இரைச்சல் நீக்கும் கருவியை முழுதாகத் திருப்பி, பேச்சைத் தண்ணீருக்குள் பேசுவதுபோல் ஆக்கிவிடும் பழக்கமும் அங்கிருந்து தொற்றிக்கொள்ளும். அந்தப் பழக்கத்தை விடுவது கடினம்.

நான்காவது வழியான சொந்தப் பழக்கத்துக்குத் தேவையானவை சிலவே: 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் அளவில் பதிவு செய்யும் கையடக்க ரெக்கார்டர், காதை முழுதாக மூடும் ஹெட்போன், ஒரு காலர் மைக், காற்றைத் தடுக்க மைக்கின் மேல் மாட்டும் ரோமப் போர்வை. இப்போது 32 பிட் ஃப்ளோட் முறையில் பதியும் சிறிய ரெக்கார்டர்களும் வந்துவிட்டன. லெவல் மிஞ்சிப்போனாலும் பிறகு மீட்டுக்கொள்ள முடிகிறது. ஆனாலும் முதல் ஆறு மாதம் 24 பிட்டில், ரெக்கார்டரின் மீட்டரில் உச்ச அளவு மைனஸ் 12 டெசிபல் அருகே நிற்கும்படி கையால் வைத்துப் பழகுவதே நல்லது என்பேன். தொகுப்புக்கு டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பிலேயே ஃபேர்லைட் என்ற ஒலிப் பகுதி அடங்கியிருக்கிறது. ரீப்பர் மென்பொருளை 60 நாள் எந்தக் குறைப்பும் இல்லாமல் சோதித்துப் பார்க்கலாம். அதன் தனிநபர் உரிமம் 60 டாலர்.

கற்றுத்தரும் இடங்களை நம் மாவட்டம் தாராளமாகவே தருகிறது. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் ஆரல்வாய்மொழிக் கணவாயில், முப்பந்தல் காற்றாலைகளின் கீழே ஒருவரைப் பேசவைத்துப் பதிவு செய்து பாருங்கள். மைக்கோடு வரும் ஃபோம் உறை அந்தக் காற்றுக்கு முன்னால் ஒன்றுமில்லை என்பது முதல் பத்து நொடியில் தெரியும். காற்று மைக்கின் சவ்வில் மோதிப் பதிவான பேச்சை எந்த மென்பொருளும் முழுதாகத் திருப்பித் தராது. ரோமப் போர்வையை மாட்டி, வண்டியின் மறைவில் ஆளை நிறுத்தி, மைக்கை வாய்க்கு ஒரு முழத் தூரத்துக்குள் கொண்டுபோன பிறகே பேச்சு மீளும். திறந்தவெளியில் தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் பேச்சு 6 டெசிபல் குறைகிறது, காற்றின் இரைச்சலோ அப்படியே இருக்கிறது. அடுத்தபடியாக, மொசைக் தரையும் வெறுஞ்சுவருமாக உள்ள புதிய வீட்டின் வரவேற்பறையிலும் மரத்தட்டுப் போட்ட பழைய ஓட்டு வீட்டின் அறையிலும் ஒரே வசனத்தைப் பதிந்து, இரண்டையும் மாற்றி மாற்றிக் கேளுங்கள். கிணற்றுக் குரல் எங்கிருந்து வருகிறது என்பதற்கு வேறு விளக்கம் தேவைப்படாது. ஒவ்வோர் இடத்திலும் யாரும் பேசாமல், அசையாமல் 30 நொடி ரூம் டோன், அதாவது அந்த இடத்தின் வெறும் ஒலியை, பதிந்துகொள்ளுங்கள். வெட்டிய வசனங்களுக்கு இடையில் அதைப் போட்டு நிரப்பாவிட்டால் ஒவ்வொரு வெட்டும் காதில் உறுத்தும்.

இந்த வழியில் குறைவது இரண்டாவது அளவுகோல்தான். அதை நான் ஒரு கோவில் கொடை விழாவில் உணர்ந்தேன். வில்லுப்பாட்டை இரவு முழுவதும் பதிவு செய்தேன். ஜெனரேட்டரின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் எல்லாத் தடங்களிலும் புகுந்திருந்தது. வீட்டில் அமர்ந்து, பாதுகாப்பாக இருக்கட்டும் என்று 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருந்ததையெல்லாம் வெட்டினேன். இரைச்சல் போயிற்று, புலவரின் குரலும் வில்லின் மணிகளும் பளிச்சென்று வந்தன, எனக்கு முழுத் திருப்தி. புலவர் ஹெட்போனை மாட்டிச் சற்று நேரம் கேட்டுவிட்டு, "மக்களே, குடக்காரர் அன்னிக்கு வரலியா?" என்று கேட்டார். வில்லுப்பாட்டில் குடக்காரர் பத்தி என்ற அடிகருவியால் குடத்தின் வாயில் அடிக்கும்போது எழும் அடிநாதத்தை இரைச்சலோடு சேர்த்து நானே வெட்டியெறிந்திருந்தேன். மூல ஒலிக்கோப்பைத் திரும்பத் திறந்து, இரைச்சல் இருந்த 50, 100, 150 ஹெர்ட்ஸ்களில் மட்டும் மிகக் குறுகலாக வெட்டியபோது குடம் திரும்ப வந்தது. அந்த ஆண்டு நான் கற்றவற்றுள் பெரியது அதுதான், அதைச் சொல்லித்தந்தவர் ஒலிப்பதிவு படித்தவர் அல்லர்.

ஆகவே என் தீர்ப்பு, வழிகளின் தரத்தைவிட அவற்றின் வரிசையைப் பற்றியது. ப்ளஸ் டூ படிக்கும்போதே ஒரு ரெக்கார்டரோடு தொடங்கலாம். விடுமுறைகளில் ஒரு கல்யாண ஸ்டுடியோவில் நின்று கை பழகலாம். அதற்குப் பிறகும் ஆசை குறையாவிட்டால் அரசு நிறுவனத்துக்கு முழுமூச்சாகத் தயாராகலாம். தனியார் பயிற்சிக்குக் கட்டவிருக்கும் தொகையில் மைக்கும் ஹெட்போனும் வாங்கினால் அவை பத்தாண்டு உழைக்கும். தமிழ்த் திரையுலகில் பெரும்பகுதிப் பேச்சு இன்றும் டப்பிங்கில்தான் பதிவாகிறது என்பதையும் மனத்தில் கொள்ள வேண்டும். படப்பிடிப்பில் பதியும் ஒலி பல நேரங்களில் வழிகாட்டித் தடம் மட்டுமே. சென்னையில் வேலைக்குப் போகிறவர் டப்பிங் பேச்சைத் தொகுக்கவும், காலடி, துணி உரசல் போன்றவற்றை ஸ்டுடியோவில் செய்துகாட்டி ஃபோலியாகப் பதிக்கவும் பழகியிருந்தால் வாய்ப்புகள் கூடும். ஆவணப்படத்தில் நாட்டம் உள்ளவருக்கு நேரடி ஒலிதான் எல்லாம்.

அரங்கின் ஒலியைக் கேட்டுப் பழக, புணேவரை போக முடியாதவருக்கும் ஒரு வழி உண்டு. நாகர்கோவிலிலிருந்து 70 கிலோமீட்டருக்குள் திருவனந்தபுரம் இருக்கிறது. டிசம்பரில் அங்கே நடக்கும் கேரள சர்வதேசத் திரைப்பட விழாவுக்குப் பாஸ் எடுத்து, ஒரு வாரம் நல்ல அரங்குகளில் அமர்ந்து, கதையை விட்டுவிட்டு ஒலியை மட்டும் கவனிக்கலாம். நானும் நண்பர்கள் சிலரும் அப்படிப் போய்வந்த பிறகு, மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாகர்கோவிலில் ஒரு வீட்டு மாடியில் கூடி, அவரவர் பதிவில் ஐந்து நிமிடத்தை யாருடையதென்று சொல்லாமல் போட்டுக் கேட்கிறோம். திரையை அணைத்துவிடுவோம். எந்த இடத்தில் காது உறுத்துகிறதோ அங்கே கையை உயர்த்த வேண்டும். ஆறேழு பேரில் நான்கு கைகள் ஒரே நொடியில் உயர்ந்தால், பதிவு செய்தவர் அந்த நொடியைக் குறித்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்.