டெல்டா வாட்ஸ்ஆப் உரையாடலைக் குறியிட எந்த மென்பொருள்?

ஜூன் 12 நெருங்கினால் டெல்டா விவசாயிகளின் வாட்ஸ்ஆப் குழுக்களில் மேட்டூர் அணைத் திறப்புப் பேச்சுதான். அதை ஆய்வுக்கு எடுத்து, எது கேள்வி, எது தகவல், எது வதந்தி என்று குறியிட உட்காரும் தஞ்சாவூர், திருவாரூர் மாணவர்களுக்கு இலவச மென்பொருளுக்குப் பஞ்சமில்லை. எதை எடுப்பது என்பதில்தான் திணறல்.

ஒருவரே குறியிடுகிறார், தரவும் கொஞ்சம் என்றால் டேகெட் போதும். வரியைத் தேர்ந்தெடுத்துக் குறிப்பெயர் கொடுத்துவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம். அதன் பொதுத் தளத்தில் ஏற்றாமல் சொந்தக் கணினியில் நிறுவுவது நல்லது. வாட்ஸ்ஆப் தரும் ஏற்றுமதிக் கோப்பில் ஒவ்வொரு செய்திக்கும் முன்னால் பெயரோ கைப்பேசி எண்ணோ நிற்கும்; எந்த மென்பொருளானாலும் முதலில் அவற்றை மறைத்தாக வேண்டும்.

இருவர் குறியிட்டால் கதை வேறு. "நாளை கல்லணைக்குத் தண்ணீர் வந்துவிடுமாம்" என்பதை ஒருவர் தகவல் என்பார், மற்றவர் வதந்தி என்பார். இருவரும் எந்த அளவுக்கு ஒத்துப்போகிறார்கள் என்று காட்டாவிட்டால் வாய்மொழித் தேர்வில் மாட்டிக்கொள்வோம். லேபிள் ஸ்டுடியோ எழுத்து, ஒலி, படம் மூன்றையும் ஏற்கும், பார்க்கவும் அழகு. ஆனால் ஒத்திசைவுக் கணக்கைக் கட்டணப் பதிப்புக்கு ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட்டில் உருவான இன்செப்ஷனில், இருவரின் ஒத்திசைவை அளக்கும் கோஹன் கப்பா கணக்கு உள்ளேயே இருக்கிறது. முரண்பட்ட இடங்களை ஒன்றாகக் காட்டி, எது சரி என்று முடிவு செய்யத் தனித் திரையும் உண்டு. என் ஓட்டு இதற்கே. அமைப்புப் பக்கங்களின் நெரிசல் முதல் வாரம் எரிச்சலூட்டும்; பொறுத்துக்கொள்ளலாம்.

தமிழுக்கு ஒரு எச்சரிக்கை. இன்செப்ஷனில் குறிகளைத் தாங்கும் அடுக்கின் (லேயர்) அளவைச் 'சொல்' என்று விட்டால், 'வந்துவிடுமாம்' முழுவதும் குறிக்குள் போய்விடும். எழுத்தளவுக்கு மாற்றினால் 'மாம்' வரை பிடிக்கலாம். பிறர் சொன்னதைக் காட்டும் 'ஆம்' மட்டும் வேண்டும் என்று அடம்பிடித்தால் நடக்காது, துணைக்கால் மகரத்தோடு ஒட்டியிருக்கிறது. எங்கே வெட்டுவது என்பதைக் குறியீட்டு விதிகளிலேயே எழுதிவிடுங்கள். இல்லையேல் கப்பா காரணமின்றிச் சரியும்.

வயலில் நிற்பவர்கள் தட்டச்சு செய்வதைவிடக் குரல் பதிவுதான் அதிகம் அனுப்புகிறார்கள் என்றால் ஈலானைத் தவிர்க்க முடியாது. நெதர்லாந்தின் மாக்ஸ் பிளாங்க் உளமொழியியல் நிறுவனம் உருவாக்கிய அது, ஒலியின் நேரக்கோட்டில் வரிவரியாக எழுத இடம் தரும். வாட்ஸ்ஆப் ஒலியை வேவ் கோப்பாக மாற்றி, ஈலானில் எழுத்தாக்கி, அந்த உரையை இன்செப்ஷனில் ஏற்றுங்கள்.